ஆமா போட ஓர் ஆள்

போன மாதம் ஒரு காலையில், இப்போது துணை வட்டாட்சியராக இருக்கும் ஒரு பெண் எனக்குப் போன் செய்தார். நான் வேலையில் இருந்தபோது என் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தவர். இரண்டு ஊர்களுக்கு இடையே தகராறு. மறுநாள் அமைதிக் கூட்டம். ஏற்பாடு அவருடையது.

"மேடம், நாற்காலியை எப்படிப் போடறது?" என்று கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும் இந்தக் கேள்விக்குச் சிரித்திருப்பார்கள். நான் சிரிக்கவில்லை. நாற்காலியில் ஆரம்பித்து, எந்தக் கதவு வழியாக யாரை உள்ளே விடுவது, டீ எப்போது கொடுப்பது என்று சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க சர்வீஸ்ல ரொம்பக் கஷ்டமான கூட்டம் எது மேடம்?" என்றார். அதைப் போனில் சொல்ல முடியாது என்றேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வருவாய்த் துறையில் தட்டச்சராகச் சேர்ந்தேன். உதவியாளர், வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர், கடைசியில் வட்டாட்சியர். ஒவ்வொரு படிக்கும் ஒரு தேர்வு, ஒரு பயிற்சி, ஓர் இடமாற்றம். அதெல்லாம் இந்தத் துறையில் எல்லோருக்கும் உள்ள கதை. எங்கே மாற்றினாலும் சுற்றிச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமே வந்து விழுந்தேன். அடங்கல் என்கிற பயிர்க் கணக்கில் நான் நெல் என்று எழுதிய நிலங்களில் நான் ஓய்வுபெறும்போது கார்கள் உருவாகிக்கொண்டிருந்தன. தகராறுகளும் அதற்கேற்ப மாறின. முன்பெல்லாம் ஏரி மதகு, தேர் போகும் பாதை, சுடுகாட்டுக்கு வழி. பிறகு கம்பெனி பஸ் நிற்கும் இடம், தண்ணீர் லாரி, வாடகைக்கு வந்தவர்கள்.

நான் முதன்முதலில் பொறுப்பேற்று நடத்திய அமைதிக் கூட்டம் ஒரு தேர்ப் பாதை பற்றியது. இரண்டு தரப்பும் மூன்று அம்ச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கைகுலுக்கினார்கள். போட்டோ எடுத்தோம். வெளியே போய், யார் வண்டியை முதலில் எடுப்பது என்று வாசலிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கையெழுத்தின் மை காயவில்லை. அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. காகிதம் சண்டையை நிறுத்திவைக்கும், தீர்க்காது. தீர்ப்பது எது என்று மட்டும் வெகு காலம் புரியவில்லை.

நான் வட்டாட்சியராக இருந்த கடைசி ஆண்டுகளில் எங்களுக்கு ஒரு கோட்டாட்சியர் வந்தார். ஒல்லியான மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் தேடுகிறவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கூட்டம் கத்தக் கத்த அவர் குரல் இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் அவர் உதடு அசைவது மட்டும் தெரியும். 'என்ன சொல்றாரு?' என்று முன்வரிசை திரும்பிப் பின்வரிசையை அடக்கும். மைக் வைத்தால் எடுக்கச் சொல்வார். "மைக் இருந்தா அவங்க கத்தலாம்னு ஆயிடும்மா" என்பார். முதல் பார்வைக்கு அவரைப் பயந்தவர் என்று நினைத்தவர்கள் உண்டு. எங்கள் ஜீப் ஓட்டுநரே நினைத்தார்.

அவர் நடத்தும் அமைதிக் கூட்டத்துக்கு ஒரு முறை இருந்தது. இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்கார வைக்க மாட்டார். எல்லா நாற்காலிகளும் ஒரே பக்கம் பார்த்து வளைவாக இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே கதவு வழியாக வர வேண்டும். முன்னால் வந்த தரப்பைத் தன் அறையிலேயே உட்கார வைத்து ஊர் மழை, ஏரித் தண்ணீர் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். பெண்கள் இல்லாத தரப்பைத் திருப்பி அனுப்பி, யாரையாவது அழைத்துவரச் சொல்வார். டீ ஒரே கெட்டிலில் இருந்து, பேச்சு முறிகிற நேரம் பார்த்து வரும். எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் தான் உட்காருவார். 'சமாதானம்' என்ற வார்த்தையை அவராகச் சொல்ல மாட்டார். அவர்களில் ஒருவர் வாயிலிருந்து அது வரும்வரை காத்திருப்பார். பல கூட்டங்களில் இந்த முறை பலித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அது பலிக்காத ஒரு கூட்டமும் வந்தது.

ஒரகடத்திலிருந்து உள்ளே போகும் சாலையில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். நிலத்தைக் கொடுத்துவிட்ட குடும்பங்கள் அந்தப் பணத்தில் வரிசை வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தன. குடியிருந்தவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலி, தென்காசி, விருதுநகர்ப் பக்கத்து இளைஞர்கள். கார் பாகங்கள் செய்யும் கம்பெனிகளில் ஒப்பந்த வேலை. ஊர்ப் பையன்களும் அதே கம்பெனிகளில், பல நேரம் அதே லைனில் வேலை செய்தார்கள்.

சண்டை டீக்கடையில் தொடங்கியது. தெற்கத்திப் பையன்கள் பேசுவதை ஊர்ப் பையன்கள் இழுத்து இழுத்துப் பேசிக் காட்டுவதும், "கீது, வூடு" என்று ஊர்ப் பேச்சைத் தெற்கத்தியார் திருப்பிக் காட்டுவதும் பல நாளாக நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஒரு வார்த்தை தடித்தது. தள்ளுமுள்ளு ஆனது. கூட்டத்திலிருந்து ஒரு கல் பறந்து வந்து தினேஷ் என்ற ஊர்ப் பையனின் இடது காதோரம் பட்டது. அவன் விழுந்தான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செத்துவிட்டான் என்று ஊருக்குள் புரளி வந்தது. ஊரார் கிளம்பிப் போய் அறைகளை உடைத்தார்கள். பைக்குகளைக் கொளுத்தினார்கள். தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவனுக்குக் கால் முறிந்தது.

தினேஷ் பிழைத்துக்கொண்டான். ஆனால் இடது காது போய்விட்டது. போலீஸ் இரண்டு பக்கமும் சிலரைப் பிடித்தது. கல்லை எறிந்தவன் யார் என்று யாரும் வாய் திறக்கவில்லை. சந்தேகத்தின் பேரில் தெற்கத்திப் பையன்கள் இருவரை உள்ளே வைத்தார்கள். பைக்குகளைக் கொளுத்தியது யார் என்பதற்கும் ஊரில் பதில் இல்லை. ஊர்க் கூட்டம் போட்டு, மாதம் பிறப்பதற்குள் தெற்கத்திக்காரர் எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அவர்களுக்குச் சாமான் கொடுக்கக் கூடாது என்று கடைகளுக்குச் சொன்னார்கள். தெற்கத்திப் பையன்களோ, எங்களைத் துரத்தினால் ரோட்டில் ஒரு கம்பெனி பஸ்ஸும் ஓடாது என்றார்கள். ஊர் முனையில் போலீஸ் வேன் நின்றது.

கோட்டாட்சியர் தன் முறைப்படியே கூட்டம் நடத்தினார். வளைவாக நாற்காலி, ஒரே கதவு, ஒரே கெட்டில். எதுவும் உதவவில்லை. கல் எறிந்தீர்களா என்றால் "எங்க பக்கமிருந்து வரவே இல்ல சார்" என்றது ஒரு தரப்பு. வண்டியைக் கொளுத்தினீர்களா என்றால் "அது தானா பத்திகிச்சி" என்றது இன்னொன்று. கேலி பேசியதைக்கூட இரண்டு பக்கமும் மறுத்தார்கள். ஊர் முழுக்கப் பார்த்த ஒரு சண்டை, அந்த அறைக்குள் நடக்காத சண்டையாகிவிட்டது. தினேஷின் அம்மா சாந்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி ஒன்றில் ஹவுஸ் கீப்பிங் வேலை பார்ப்பவர். ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒவ்வொருவரும் 'இல்லை' என்று சொல்லும்போது அவர் அந்த முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான்.

தெற்கத்தித் தரப்பில் வந்திருந்த ஒரே பெண் முத்துமாரி. கணவரோடு சேர்ந்து அந்த ஊரில் மெஸ் நடத்தினார். ஊர்க்கட்டுப்பாட்டால் மெஸ்ஸை மூடி வைத்திருந்தார்கள். கூட்டம் முறிந்து எல்லோரும் எழுந்தபோது அவர் சொன்னார்.

"ஐயா, எங்க ஊருப் பக்கம் இப்படி ஒண்ணு நடந்தா அதைப் பாடிருவோம். வில்லுல வச்சுப் பாடுனாத்தான் அடங்கும். பாடாம விட்டா அது ஊருக்குள்ளயே சுத்திக்கிட்டுக் கிடக்கும்லா."

யாரோ சிரித்தார்கள். கோட்டாட்சியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை என்னையும் அழைத்துக்கொண்டு அந்த மெஸ்ஸுக்குப் போனார். கவிழ்த்து வைத்த அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்தோம். முத்துமாரியின் குடும்பமே வில்லுப்பாட்டுக் குடும்பம். கோயில் கொடைத் திருவிழா வரும் மாதங்களில் மெஸ்ஸைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் அவர் வில்லடிப்பார், கணவர் குடம் அடிப்பார். அக்கிரமமாகச் செத்தவர்கள் கதைதான் பெரும்பாலும் பாட்டாக வரும் என்றார். கொன்றவன் வீட்டு வாரிசுகளும் செத்தவன் வீட்டு வாரிசுகளும் ஒரே பந்தலில் உட்கார்ந்து கேட்பார்களாம்.

"இங்கே நடந்ததைப் பாடுவீங்களா?" என்று கோட்டாட்சியர் கேட்டார்.

"பாடுதேன் ஐயா. ஆனா வில்லுப்பாட்டுல நான் மட்டும் பாடுனாப் பத்தாது. நான் ஒண்ணு சொன்னா, 'ஆமா'ன்னு எதிர்ல ஒருத்தர் சொல்லணும். கதையே அந்த ஆமாவுலதான் நடக்கும். அதுக்கு எங்க ஆளு உதவாது. இந்த ஊருக்காரர் ஒருத்தர் வேணும்."

வெளியே வந்ததும் சொன்னேன். "சார், அஞ்சு பேருக்கு மேல கூடாம போலீஸ் பார்த்துக்கிட்டு இருக்காங்க. நாமளே ரெண்டு தரப்பையும் ஒரு திடல்ல உட்கார வச்சு, சண்டையைப் பாட்டாப் பாடறதா? ஏதாவது ஆச்சுன்னா கலெக்டருக்கு என்ன எழுதறது?"

"எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு" என்றார். "ஆனா அந்த அம்மா கேட்டதைப் பாத்தீங்களா? நாம இத்தனை நாளா கையெழுத்துப் போட ஆள் தேடினோம். அவங்க ஆமாம் சொல்ல ஆள் தேடறாங்க."

அந்த ஊரில் தெருக்கூத்து உண்டு. பாரதக் கூத்து நடக்கும் பருவத்தில் ஜமா என்கிற அந்தக் கூத்துக் குழுவுக்கு ஓய்வே கிடைக்காது. அதில் கட்டியக்காரன் வேஷம் கட்டுபவர் ஏழுமலை. ராஜாவையும் கேலி செய்யலாம், பார்க்க வந்த ஊர்ப் பெரியவரையும் கேலி செய்யலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்கிற வேஷம் அது. மற்ற நாட்களில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினார். இன்னொன்றும் இருந்தது. அவர் சாந்தியின் தம்பி. தினேஷுக்குத் தாய்மாமன்.

ஸ்டேஷன் வாசலில் அவர் ஆட்டோவிலேயே ஏறி உட்கார்ந்து கோட்டாட்சியர் விஷயத்தைச் சொன்னார். ஏழுமலை ஹேண்டில்பாரைப் பிடித்தபடி கேட்டார். பிறகு இறங்கி நின்றார்.

"இன்னா சார் பேசறீங்க? என் அக்கா மவனுக்குக் காது பூட்ச்சி. அவன் மூஞ்சிய நான் பாக்க முடியல. எட்டு ஊர்ல கட்டியக்காரன்னா ஏழுமலைன்னு பேரு. நான் போயி அவுங்களுக்கு ஆமா சாமி போடணுமா?"

கோட்டாட்சியர் குரல் வழக்கம்போல இறங்கியது. ஆட்டோக்காரர்கள் சிலர் கேட்பதற்காக நெருங்கி வந்தார்கள்.

"ஆமாம் போட வேண்டாம் ஏழுமலை. அவங்க பாடறது பொய்னு தோணினா, இல்லைன்னு சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. கேள்வி கேளுங்க. கட்டியக்காரனைத் தடுக்க யாராலே முடியும்?"

ஏழுமலை ஆட்டோவின் முன்கண்ணாடியைத் துணியால் துடைத்தார். பிறகு, "எங்கக்கா ஒத்துகினாத்தான்" என்றார்.

சாந்தி ஒத்துக்கொள்ள மாட்டார் என்றே நான் நினைத்தேன். அவர் வீட்டு வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டார். "பாடட்டும்" என்றார். "ஆனா எம்புள்ள பேரைச் சொல்லிப் பாடணும். யாரோ ஒருத்தன்னு பாடக் கூடாது."

அடுத்த சில நாட்கள் முத்துமாரியோடு நான் வீடு வீடாகப் போனேன். ஒரு பெண் காவலரும் கூட வந்தார். நாங்கள் வாக்குமூலம் வாங்குவதுபோல முத்துமாரி எதுவும் கேட்கவில்லை. யார் அடித்தது என்று கேட்கவில்லை. டீக்கடையில் அன்றைக்கு என்ன வடை, யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள், என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று கேட்டார். சாந்தி வீட்டில் சமையற்கட்டில் உட்கார்ந்து, "புள்ளைய எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று மட்டும் கேட்டார். சாந்தி சொன்னார். அதன் பிறகு சொல்லிக்கொண்டே போனார். நான் வெளியே வந்து நின்றேன்.

இன்ஸ்பெக்டரைச் சம்மதிக்க வைத்தது தனிக் கதை. பாட்டில் வரும் எதையும் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, யாரும் செல்போனைத் தூக்கக் கூடாது என்று கோட்டாட்சியர் கேட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். "இருட்டறதுக்குள்ள முடிச்சிடணும் சார்" என்று மட்டும் நிபந்தனை போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் அம்மன் கோயில் திடலில் ஏற்பாடு. இந்த முறை கோட்டாட்சியர் நாற்காலியே வேண்டாம் என்றுவிட்டார். எல்லோரும் தரையில். ஊர்க்காரர்கள் வேப்ப மரத்துப் பக்கம், தெற்கத்தியார் தண்ணீர் டேங்க் பக்கம், நடுவே ஒரு லாரி போகும் அளவு வெற்றிடம். அதில் போலீஸ். கால் முறிந்த பையன் ஊன்றுகோலோடு வந்திருந்தான். தினேஷ் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

வில் தெற்கேயிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தது. ஆள் உயரத்துக்கும் மேலான வில், அதில் மணிகள். குடத்தின் கழுத்தில் வில்லைக் கட்டி நிறுத்தினார்கள். முத்துமாரி வீசுகோலால் நாணில் ஓர் அடி அடித்தார். எல்லா மணிகளும் ஒன்றாகச் சிலிர்த்தன. அந்தப் பக்கத்து மக்கள் அந்தச் சத்தத்தை அதற்கு முன் நேரில் கேட்டதில்லை. குழந்தைகள் எழுந்து நின்றுவிட்டன.

முதலில் அந்த ஊர் அம்மனைப் பாடினார். ஊர்ப் பெண்கள் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தார்கள். பிறகு டீக்கடைக்கு வந்தார்.

"வட்டக் கிளாசில டீ ஆறும் நேரம் – அங்கே
வார்த்தை ஒண்ணு சூடாச்சு கேளும்..."

ஏழுமலை எதிரே நின்றார். வேஷம் கட்டவில்லை. தலையில் கட்டியக்காரன் குல்லா மட்டும். 'ஆமா' வர வேண்டிய இடத்தில் அவர் சொன்னார்: "இரும்மா, இரு. இன்னா சொல்ற நீ? நாங்க கிண்டல் பண்ணோமா?"

"பண்ணுனீகளா இல்லியா? நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி."

"அண்ணாச்சியா! நான் இன்னா மளிகைக்கடையா வச்சிகினு கீறேன்?" திடலின் இரண்டு பக்கமும் சிரிப்பு கிளம்பியது. அதை எதிர்பார்க்காதவர்கள்போல உடனே அடக்கிக்கொண்டார்கள். ஏழுமலை ஊர்ப் பையன்கள் பக்கம் திரும்பினார். "டேய், மூஞ்சியத் திருப்பிக்காத. பண்ணீங்களாடா?" ஒருவன் தலையைக் குனிந்தான். ஏழுமலை அவனைப் போலவே தலையைக் குனிந்து காட்டிவிட்டு, "ஆமா. பண்ணாங்க" என்றார்.

முத்துமாரி விடவில்லை. "எங்க பயலுவ மட்டும் சும்மா இருந்தானுவளா? அவனுவளும்தான் பேசிக் காட்டுனானுவ" என்று தன் பக்கத்தைக் குத்தினார். இப்போது டேங்க் பக்கமிருந்து ஒரு குரல் தானாகவே "ஆமா" என்றது. அறைக்குள் யாரும் ஒத்துக்கொள்ளாத கேலியைத் திடலில் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். நான் கோட்டாட்சியரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மணிகளின் சத்தம் அடங்கியது. குடம் மட்டும் மெதுவாக ஒலித்தது.

"எடுத்த கை எங்க கை – ஐயா
எறிஞ்ச கை எங்க கை
சாந்தி பெத்த தினேஷு அங்கே
சாஞ்ச நேரம் எங்க கை..."

தெற்கத்திப் பையன் ஒருவன் எழுந்துவிட்டான். "அக்கா, கேசு நடக்குல்லா! என்னத்தைப் பாடுதிய?" போலீஸ்காரர்கள் நிமிர்ந்தார்கள். முத்துமாரி அவனைப் பார்க்காமல் அதே அடியை மறுபடியும் பாடினார். ஆமா வர வேண்டிய இடம். ஏழுமலையிடமிருந்து வரவில்லை. குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இருபது வருஷமாக எந்த மேடையிலும் வார்த்தை தட்டாத மனிதர் என்று ஊரில் சொல்வார்கள். கடைசியில் கட்டியக்காரன் குரலில் இல்லாமல், வீட்டு மனிதன் குரலில் கேட்டார்.

"அவனுக்கு இப்ப எப்டி கீதுன்னு உனுக்குத் தெரியுமா?"

முத்துமாரி பாட்டிலேயே பதில் சொன்னார்.

"இடப்பக்கம் நின்னு தாய் கூப்பிட்டா – பிள்ளை
ஏனோ திரும்பலியே
சுத்தி வந்து வலப்பக்கம் நின்னு – அவ
சிரிச்சுக் கூப்பிட்டாளே..."

சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று போய் மறையும்வரை கேட்டது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பாட்டாக இல்லை. வீட்டில் யாரோ எதையோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல வந்தது.

"ஆமா."

சாந்தி. எங்கள் அலுவலகத்தில் ஒரு வார்த்தையும் பேசாதவர். அவர் சொன்ன பிறகு அவர் பக்கத்திலிருந்த பெண் சொன்னார். அதற்கடுத்தவர் சொன்னார். 'கேசு நடக்குல்லா' என்று கத்திய பையன் நின்றபடியே முகத்தை மூடிக்கொண்டான். டேங்க் பக்கத்திலும் ஆமா, ஆமா என்று மெல்ல எழுந்தது. நான் அரசு ஊழியர், கடமையில் இருந்தேன், தாசில்தார். நானும் சொன்னேன்.

அதோடு முடியவில்லை. முத்துமாரி அடுத்து அறைகளுக்கு வந்தார். உடைந்த கதவு, எரிந்த வண்டி. கால் முறிந்து கிடந்த பையன், ஊரிலிருந்து போன் செய்த தாயிடம் 'நல்லாருக்கேம்மா, வேலையில இருக்கேன்' என்று சொன்னதைப் பாடினார். இப்போது ஆமா வர வேண்டியது ஊர்ப் பக்கமிருந்து. போலீஸ் நிற்கிறது, இன்ஸ்பெக்டர் நிற்கிறார். யார் சொல்வார்கள்?

ஏழுமலை அக்காவைப் பார்த்தார். பிறகு குல்லாவைத் தரையில் வைத்தார்.

"ஆமா" என்றார். "நானும் போனேன். அவன் செத்துட்டான்னு சொன்னாங்க. வண்டிங்கள கொளுத்தறப்ப நானும் நின்னுகினு இருந்தேன். ஒர்த்தன் 'அண்ணே, அடிக்காதீங்க'ன்னு கும்புட்டான். அத்த நான் பார்த்தேன். பார்த்துகினே நின்னேன்."

ஊன்றுகோல் வைத்திருந்த பையன் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவன்தான் கும்பிட்டவன் என்று பிறகு தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் எங்கள் கோட்டாட்சியரைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோயில் கோபுரத்தைப் பார்க்கத் தொடங்கினார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்.

வில்லின் மணிகள் மறுபடி ஒலித்தன. மங்களம் பாடி முடித்தபோது வெளிச்சம் இருந்தது. யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. எழுந்து, வேட்டியையும் பேண்ட்டையும் தட்டிக்கொண்டு, அவரவர் வீட்டுக்குப் போனார்கள். ஆனால் நடுவே விட்டிருந்த வெற்றிடத்தின் வழியாகவே எல்லோரும் போனார்கள். வேறு வழி தேடவில்லை.

ஜீப்பில் ஏறியதும் கோட்டாட்சியருக்கு ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். மூடியை எதிர்ப்பக்கமாகவே திருகிக்கொண்டிருந்தார். நான் வாங்கித் திறந்து கொடுத்தேன்.

"இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாதும்மா" என்றார். "நாம என்ன செஞ்சோம்? நாற்காலியைத்தான் எடுத்தோம்."

இத்தனை வருடங்களில் நான் எழுதிய நடவடிக்கைக் குறிப்புகள் எத்தனையோ. அத்தனையிலும் 'இரு தரப்பினரும் ஒப்புக்கொண்டனர்' என்று எழுதியிருக்கிறேன். இரு தரப்பினரும் ஒப்புக்கொள்வதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ஒரு பெண், ஒரு வில், ஒரு மண்குடம், எதிரே நின்ற ஓர் ஆட்டோக்காரர். சட்டமும் காவலும் வேண்டும்தான். வேனை ஊர் முனையில் நிறுத்தியதால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யாரும் சாகவில்லை. ஆனால் வேனுக்குள் இருப்பவர்களால் ஒரு மனிதனை 'நானும் நின்றேன்' என்று சொல்ல வைக்க முடியவில்லை.

மறுநாள் காலை, முத்துமாரி ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார். திடலில் எழுந்து கத்தியவன்தான். பெயர் செல்வம். கல்லை எறிந்தது தான் என்று சொன்னான். சந்தேகத்தில் உள்ளே இருந்த இருவரில் ஒருவனுக்கு அந்தச் சண்டையோடு சம்பந்தமே இல்லை என்பது அப்போதுதான் தெளிவானது. அதே வாரத்தில் ஏழுமலை, இன்னும் சிலரோடு, தானாகவே போய்த் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார். வழக்கு அதன் வழியில் நடந்தது. மாதம் பிறந்தது. காலி செய்வது பற்றி யாரும் பேசவில்லை. மெஸ்ஸில் அடுப்பு எரிந்தது.

நான் ஓய்வுபெறும் முன் கடைசியாக அந்தப் பக்கம் ஒரு பட்டா மாறுதல் விசாரணைக்குப் போனேன். சாந்தி என்னைப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூப்பிட்டார். வீட்டுக்குப் பின்னால் அவருக்கும் வாடகை அறைகள் இரண்டு உண்டு. ஒன்றின் வாசலில் ஒரு பையன் சட்டை துவைத்துக்கொண்டிருந்தான். எங்கோ பார்த்த முகம். நினைவு வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்வம்.

நிபந்தனை ஜாமீனில் வந்திருந்தான். தினமும் அங்கே காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் தங்கியாக வேண்டும். ஊரில் யாரும் அறை தரவில்லை. சாந்தி கொடுத்திருந்தார்.

"மன்னிச்சிட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்ல மேடம்" என்றார் உடனே. டீயை இரண்டு டம்ளரில் ஆற்றிக்கொண்டே சொன்னார். "மன்னிக்கல. கேஸும் வாபஸ் வாங்கல. ஆனா எம்புள்ளைக்கு இன்னா ஆச்சுன்னு ஊரே மறந்துடும். தோ, இப்பவே பாதிப் பேரு மறந்துகினு வர்றாங்க. அவன் ஒர்த்தன் மறக்க மாட்டான். அவனையும் தொரத்திட்டா நான் அத்த யார்கிட்ட பேசுவேன்?"

ஒரு டம்ளரை எனக்குக் கொடுத்தார். இன்னொன்றை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய், "டேய் செல்வம், ஆறிடப் போவுது, வந்து குடி" என்றார். "இந்தா வாரேன் அத்தை" என்று அவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான்.

என் டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன்.